எலியட்ஸ் கடற்கரையும் அடையாற்று முகத்துவாரமும்

சென்னை பெசன்ட் நகரில், அடையாறு வங்கக்கடலில் கலக்கும் முகத்துவாரத்திற்குத் தெற்கே எலியட்ஸ் கடற்கரை அமைந்துள்ளது. மெரினாவைவிடக் கூட்டம் குறைந்த இக்கடற்கரைக்கு, ஆங்கிலேயர் காலத்தில் சென்னையில் உயர் பதவி வகித்த எட்வர்ட் எலியட்டின் பெயர் சூட்டப்பட்டது.

அடையாற்றுப் போர்

1746இல் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியது. அதை மீட்க ஆற்காட்டு நவாப் தன் மகன் மாபூஸ்கானை அனுப்பினார். பாரடிஸ் தலைமையிலான சிறு பிரெஞ்சுப் படை, முகத்துவாரத்தின் அருகே ஆற்றைக் கடந்து நவாபின் பெரும்படையை முறியடித்தது. ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறு படையும் பெரும்படையை வெல்ல முடியும் என்பதை இப்போர் காட்டியது.

ஷ்மிட் நினைவிடம்

கரையில் நிற்கும் வெண்ணிற வளைவு, 1930 டிசம்பரில் நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றும் முயற்சியில் உயிர்நீத்த டென்மார்க் நாட்டவரான ஷ்மிட்டின் நினைவாக எழுப்பப்பட்டது. அமைதியாகத் தோன்றும் இக்கடலின் நீரோட்டம் ஆபத்தானது என்பதற்கு அதுவே சான்று.

உடைந்த பாலம்

மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967இல் கட்டப்பட்ட பாலம், 1977இல் நீரோட்ட வேகத்தில் இடிந்தது. மீண்டும் கட்டப்படவில்லை. கோடையில் அலைகள் சேர்க்கும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. மழைக்கால வெள்ளம் அதை உடைத்துத் திறக்கிறது. இவ்வாறு ஆண்டுதோறும் மாறும் ஆற்றுவாயில் நிலையான கட்டுமானம் எளிதன்று.

இன்றைய நிலை

அருகிலுள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களுக்கு இக்கரையே வாழ்வாதாரம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இங்கு முட்டையிட வருகின்றன. காற்று வாங்க வருவோருக்கு ஓய்விடமாக விளங்கும் இம்மணல், மீனவர்களுக்குத் தொழிற்களம், ஆமைகளுக்குப் பிறப்பிடம்.