மகப்பேறு

மக என்றால் பிள்ளை. பெறு என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பேறு ஆயிற்று. கெடு கேடானது போல. அடைந்த நற்பயன், செல்வம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. குறளில் மக்கட்பேறு தனி அதிகாரம். தென்மாவட்டங்களில் பிரசவத்தை இன்றும் பேறுகாலம் என்பார்கள்.

அலுவலகத்தில் மகப்பேறு என்னும் சொல் விடுப்போடு சேர்ந்தே வரும். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், 2017 திருத்தத்துக்குப் பின், முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. பலருக்கும் தெரியாமல் போகும் பிரிவு வேறொன்று: கர்ப்பத்தால் ரத்தக்கொதிப்போ உதிரப்போக்கோ வந்து படுக்க நேர்ந்தால், மருத்துவச் சான்றின்பேரில் மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுக்குமுன் அதைக் கேட்டு வாங்குங்கள்.