சட்டைப்பையில் ஒரு முழுச்சட்டகம்: ரோலை 35

சிறிய காமிராக்களின் வரலாற்றை எழுதுவோர் பலரும் அதனை வெற்றிகளின் பட்டியலாகவே எழுதிச் செல்கின்றனர். அளவு குறைந்தது, எடை குறைந்தது, விலை குறைந்தது என்ற வரிசையில் அமையும் அவ்வரலாறு நமக்கு நிறைவளிப்பதில்லை. ஒரு கருவியைச் சிறிதாக்க வேண்டுமெனில் அதனுள்ளிருந்து எதையேனும் வெளியே எடுத்து வைத்தாக வேண்டும். வெளியே வைக்கப்பட்டது எது, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் நாம் கேட்க வேண்டும். இக்கேள்வியை எழுப்புவதற்கு 1966ஆம் ஆண்டு கொலோன் நகரின் போட்டோகினா கண்காட்சியில் அறிமுகமான ரோலை 35ஐக் காட்டிலும் பொருத்தமான காமிரா வேறில்லை எனலாம்.

அந்நாளில் சட்டைப்பையில் அடங்கும் காமிரா வேண்டுவோர்க்குக் கிடைத்தது பெரும்பாலும் அரைச்சட்டகம்தான். ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனம் 1959இல் வெளியிட்ட பென் காமிரா 35 மில்லிமீட்டர் படச்சுருளில் 18 × 24 மில்லிமீட்டர் அளவில் படம் பதித்தது. 36 படங்களுக்குரிய சுருளில் 72 எடுக்கலாம், சிக்கனக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் பெரிதாக்கும்போது மணல் தூவியதுபோல் துகள்கள் எழுந்து நின்றன. ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் விர்கின் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளராயிருந்த ஹைன்ஸ் வாஸ்கே இதற்கு மாற்று தேடினார். பெட்டியைச் சுருக்குவோம், படத்தைச் சுருக்க வேண்டாம் என்பதே அவர் எண்ணம். 24 × 36 மில்லிமீட்டர் முழுச்சட்டகத்தை விட்டுக்கொடுக்காமல், ஓய்வு நேரங்களில் அவர் ஒரு மாதிரியை உருவாக்கினார்.

அதை முதலாளியிடம் காட்டியபோது கிடைத்த விடை, காமிராத் தொழிலையே கைவிடப் போகிறோம் என்பது. லைட்ஸ், கோடக் ஆகியோரிடமும் மாதிரி சென்றது, இருவரும் ஏற்கவில்லை. 1965இல் வாஸ்கே பிரவுன்ஷ்வைக் நகரின் ரோலை நிறுவனத்தில் சேர்ந்தார். இரட்டை லென்ஸ் கொண்ட ரோலைஃபிளெக்ஸால் புகழ்பெற்றிருந்த அந்நிறுவனத்தின் தலைவர் ஹைன்ரிஷ் பேசல் அம்மாதிரியைக் கண்டவுடன் தயாரிக்க முடிவெடுத்தார். மூன்று கதவுகள் மூடப்பட்டு நான்காவது திறந்த கதை இது.

வாஸ்கேயின் சாதனை உண்மையில் ஷட்டரில் இருக்கிறது. வழக்கமான இதழ் ஷட்டரில் நேரத்தை அளக்கும் பற்சக்கரங்கள் லென்ஸைச் சுற்றியே அமைந்திருக்கும்; அந்தப் பருமனான வளையம் பெட்டிக்குள் புகாது. வாஸ்கே அதை இரண்டாகப் பிரித்தார். இதழ்களும் துவாரமும் லென்ஸ் குழலோடு உள்ளே வெளியே நகரும். சக்கரங்கள் பெட்டியிலேயே தங்கிவிடும். குழலை இழுத்துத் திருகினால் இரண்டும் இணைந்துகொள்ளும். விளைவு, 97 × 60 × 32 மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் உலோகப் பெட்டி. ஸைஸ் நிறுவனத்தின் 40 மில்லிமீட்டர் டெஸ்ஸார் லென்ஸ், கோசன் நிறுவனத்தின் ஒளிமானி, 1/2 நொடி முதல் 1/500 நொடி வரையிலான வேகங்கள் என்று உள்ளே இருந்தவற்றில் மலிவானது எதுவுமில்லை. எடை 370 கிராம். சட்டைப்பையில் அடங்கும் என்பது உண்மையே; சட்டை ஒரு பக்கம் சாயும் என்பதும் உண்மையே.

குறைகளோ பல. ஃபிளாஷ் பொருத்தும் இடம் காமிராவின் அடியில் இருந்ததால், காமிராவைத் தலைகீழாய்ப் பிடிக்காவிடில் முகத்தின் நிழல்கள் மேல்நோக்கி விழுந்தன. படச்சுருளை முன்னகர்த்தாமல் லென்ஸை உள்ளே தள்ள இயலாது. ஒளிமானிக்கெனத் தனி விசை கிடையாது; உறையில் இட்டு இருட்டில் வைத்தால்தான் மின்கலம் தேயாமலிருக்கும். அம்மின்கலத்தை மாற்றவோ முதுகுப் பகுதியையே கழற்ற வேண்டும், அதாவது சுருள் உள்ளிருக்கையில் அதைத் தொடவே கூடாது. அதற்கென அமைந்த பாதரச மின்கலம் பிற்காலத்தில் தடைசெய்யப்பட்டது தனிச் சோகம்.

ஆயினும் இவற்றைவிடப் பெரியது ஒன்றுண்டு. தொலைவை அளக்கும் கருவி இதில் இல்லை. காட்சிச் சாளரம் சட்டகத்தின் எல்லையை மட்டுமே காட்டும். எத்தனை மீட்டர் என்பதைப் படமெடுப்பவர் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும். வெளியே எடுத்து வைக்கப்பட்டது இதுதான். பகல் வெளிச்சத்தில் துவாரத்தை எஃப் 8இல் வைத்து வளையத்தை 6 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 3 மீட்டர் முதல் 50 மீட்டருக்கு அப்பாலும் தெளிவு கிடைக்கும், கண்மதிப்பே தேவையில்லை. தெருவில் நடந்தபடி படமெடுப்போர்க்கு எந்தத் தானியங்கியும் தராத வேகம் இது. ஆனால் மாலையில், அறைக்குள், துவாரத்தை எஃப் 3.5க்குத் திறந்து 1.5 மீட்டரில் இருப்பவரைப் படமெடுக்க முனைந்தால் தெளிவின் ஆழம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். ஒரு முழம்கூட இல்லாத அந்த இடைவெளியில் முகம் அமைய வேண்டும். 1974இல் வந்த 35 எஸ் மாதிரியின் ஸோனார் லென்ஸ் எஃப் 2.8 வரை திறந்தது. ஒளி கூடியது, பிழைக்கான இடமோ இன்னும் குறைந்தது. அதனை வெறும் மேம்பாடு என்று எழுதுவோருடன் நாம் உடன்படவில்லை.

ஜெர்மனியில் கூலி உயர்ந்து ஜப்பானியப் போட்டி நெருக்கியபோது, ரோலை தன் தயாரிப்பைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. 1971 முதல் இக்காமிரா அங்கே உருவாயிற்று. 1965இல்தான் தனிநாடான சிங்கப்பூரின் அரசுடன் இணைந்து தொழிலாளர்க்கென ஒரு பயிற்சி நிலையமும் நடத்தப்பட்டது. பல மாதிரிகளாக மொத்தம் ஏறத்தாழ 20 இலட்சம் காமிராக்கள் வெளிவந்தன. எனினும் 1981இல் ரோலை நொடித்தது. சிங்கப்பூர்த் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இன்றைய சேகரிப்பாளர்கள் ‘ஜெர்மனி’ என்று பொறித்த பெட்டிக்குக் கூடுதல் விலை தருகிறார்கள். அதே வாஸ்கேயின் வரைபடம், அதே அளவு, அதே ஷட்டர். ஆயினும் சிங்கப்பூர்க் கைகளின் உழைப்புக்கு விலை குறைவு. இது கருவியின் குறையன்று.

1979இல் ஒலிம்பஸின் மைத்தானி யோஷிஹிசா வடிவமைத்த எக்ஸ்ஏ, தொலைவு அளக்கும் கருவியையும் உள்ளடக்கிக்கொண்டே சட்டைப்பைக்குள் வந்தது. நெகிழி உடல், எடை 225 கிராம் அளவே. ஆனால் ஷட்டர் வேகத்தைக் காமிராவே தீர்மானித்தது. ரோலையின் முகப்பில் கண்களைப்போல் அமைந்த இரு சக்கரங்கள் தந்த உரிமை அதில் இல்லை. பின்னர் தானியங்கிக் குவியமும் வந்தது, இலக்கமுறையும் வந்தது. ரிக்கோ நிறுவனம் 2013இல் ஏபிஎஸ்-சி உணரியை ஜிஆர் என்னும் சிறு காமிராவுக்குள் அடக்கியபோது, தானாகக் குவியும் வசதியுடன் இன்னொன்றையும் அதில் வைத்திருந்தது: தொலைவை 1.5 மீட்டர், 2.5 மீட்டர் என முன்கூட்டியே நிறுத்திவைத்து, பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தும் வசதி. தெருவில் படமெடுக்கும் பலர் அக்காமிராவை வாங்குவதே அதற்காகத்தான்.