நத்தார் போர்வர்டும் ஒரு அரபுப் புத்தகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் ஓ.எல். வரைக்கும் வரலாறு படித்த பிள்ளை ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். "சேர், இது உண்மையா? எங்கட குறூப் எல்லாத்திலயும் ஓடுது" என்று கேட்டிருந்தான். படத்தில் ஒரு பக்கம் இயேசு. மறுபக்கம் எகிப்தின் ஹோரஸ், ரோமாபுரியின் மித்ரா, கிருஷ்ணன். எல்லோரும் டிசம்பர் 25இல் பிறந்தவர்களாம், கன்னியின் பிள்ளைகளாம், எல்லோருக்கும் 12 சீடர்களாம், எல்லோரும் செத்து மூன்றாம் நாள் எழும்பினார்களாம். ஆகவே கிறிஸ்தவம் சிலை வணங்கிகளிடம் களவெடுத்த மார்க்கம் என்று கீழே சிவப்பெழுத்தில். அதற்கும் கீழே எங்கள் ஆட்களின் 'மாஷா அல்லாஹ்' வரிசை.

அவனுக்கு ஒரு வொய்ஸ் கட் அனுப்பிவிட்டு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த பெயர்கள் நிறைய இருந்தன. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுலபமானது. கிருஷ்ணன் தேவகியின் எட்டாவது பிள்ளை. எட்டாவது பிள்ளையைப் பெற்ற தாயைக் கன்னி என்று எழுதியவர் எந்தப் புத்தகத்தைப் படித்தாரோ! கிருஷ்ண ஜெயந்தி ஆவணி மாதத்தை ஒட்டி வருவது. வெள்ளவத்தையில் இத்தனை வருஷம் இந்து அயலவர்களோடு இருந்துவிட்டு, அவர்களுடைய பண்டிகை எந்த மாதமென்று தெரியாமல் 'மாஷா அல்லாஹ்' போட்டிருக்கிறோம். மித்ராவை ரோமர்கள் செதுக்கிய சிற்பங்கள் ஐரோப்பா முழுக்கக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் ஒரு பாறையைப் பிளந்துகொண்டு வாலிபனாகவே வெளியே வருகிறார். தாயே கிடையாது. ஹோரஸின் தாய் ஐசிஸ், கொல்லப்பட்ட கணவன் ஒசிரிஸின் உடலை ஒன்றுசேர்த்து அவர் மூலம் கருவுற்றவள் என்பதுதான் எகிப்தியரின் கதை. அவள் கணவனை இழந்த மனைவி. கன்னி அல்ல.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கன்னியின் பிள்ளை என்ற நம்பிக்கையே கொப்பி அடித்தது என்று போர்வர்ட் பண்ணுகிறீர்களே, நம்முடைய 19ஆவது சூரா என்ன சூரா? மர்யம் (அலை) அவர்களை எந்த ஆணும் தொடாமலே ஈஸா நபி (அலை) பிறந்தார்கள் என்பது நம் ஈமானிலும் உள்ளதுதானே? கிறிஸ்தவரை வெட்டுவதற்கென்று யாரோ கூர்தீட்டிய கத்தி இது. நாம் பிடியைப் பிடித்திருக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நம் கையில் இருப்பது அலகு. இந்தப் படத்தை முதலில் செய்தவர்கள் எந்த மதத்தையும் நம்பாதவர்கள். அவர்களுடைய அடுத்த படத்தில் நூஹ் நபியின் கப்பல் இருக்கும்.

அப்படியானால் ஒற்றுமையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. வகுப்பில் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

ரோமப் பேரரசர் அவுரேலியன் 274இல் 'வெல்ல முடியாத சூரியன்' என்ற தெய்வத்துக்கு ரோமில் ஒரு கோயில் கட்டினார். 354ஆம் ஆண்டுக்குரிய ரோம நாட்காட்டித் தொகுப்பு ஒன்றின் பிரதிகள் இருக்கின்றன. அதில் டிசம்பர் 25 'வெல்ல முடியாதவரின் பிறந்தநாள்'. அதே தொகுப்பின் இன்னொரு பட்டியலில் அதே நாள் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தநாள். சுவிசேஷங்களில் திகதி கிடையாது. சூரிய விழாவின் மேல் நத்தாரை வைத்தார்கள் என்பது அறிஞர்களில் ஒரு சாராரின் கருத்து. மார்ச் 25இல் கருவுற்றதாகக் கணக்குப் பார்த்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது மறுசாராரின் கருத்து. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறது. விவாதம் முடியவில்லை. ஆனால் இது பண்டிகைத் திகதியைப் பற்றிய விவாதம். ஒரு கல்யாணத்துக்கு நாள் எப்படிக் குறித்தார்கள் என்று கேட்பதும் மாப்பிள்ளையே இல்லை என்று சொல்வதும் ஒன்றாகுமா?

இந்த ஒற்றுமைகளைக் கண்டுபிடித்தது நம் காலத்து இணையம் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், உங்கள் பெர்சியஸும் கன்னிக்குப் பிறந்தவன் என்றுதானே சொல்கிறீர்கள், நாங்கள் சொன்னால் மட்டும் ஏன் சிரிக்கிறீர்கள் என்ற கருத்தில் ரோமருக்கு எழுதினார். அந்தக் கட்டுக்கதைகள் ஷைத்தான்கள் முன்கூட்டியே செய்து வைத்த போலிகள் என்பது அவர் கொடுத்த விளக்கம். அதை ஏற்பதும் விடுவதும் வேறு விஷயம். அவர் ஒளிக்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

நம் பக்கத்துக்கும் வருவோம். 1872இல் லண்டன் அரும்பொருளகத்தில் ஜோர்ஜ் ஸ்மித் என்பவர் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் வெள்ளமும் கப்பலும், நிலம் தேடிப் பறவை அனுப்பியதும் எழுதியிருப்பதை வாசித்தார். கில்கமேஷ் காவியம் என்கிறோமே, அதன் பகுதி. நாம் வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிற சூரா கஹ்ஃபில் வரும் குகைவாசிகளின் கதையை, எபேசு நகரத்து உறங்கும் வாலிபர்கள் என்று 521இல் காலமான சிரியாக் மொழிக் கவிஞர் யாக்கோபு பாடியிருக்கிறார். எனக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. எல்லாச் சமூகத்துக்கும் தூதர் வந்தார் என்று நம்புகிறவனுக்கு, பழைய சமூகங்களிடம் பழைய செய்தியின் துண்டுகள் கிடப்பது ஏன் ஆச்சரியம்? ஆனால் அந்த நியாயத்தை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரைக் களவெடுத்தவர் என்று சொல்ல என்னால் முடியாது.

சரி, உண்மையாகவே ஒரு கதை மதம் விட்டு மதம் போன சம்பவம் உண்டா? உண்டு. நன்றாக ஆதாரப்பட்ட ஒன்று. அதில் நம் நாடு வருகிறது, நம் ஆட்களும் வருகிறார்கள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

பாக்தாதில் அப்பாசியர் காலத்தில் கிதாப் பிலவ்ஹர் வ பூதாஸஃப் என்று ஒரு அரபுப் புத்தகம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் புத்தகப் பட்டியல் போட்ட இப்னு நதீம் அதை இந்தியர்களின் நூல்களோடு சேர்த்துக் குறிக்கிறார். அபான் அல்லாஹிகி என்ற கவிஞர் அதைச் செய்யுளாகவும் ஆக்கினார். கதை இதுதான். ஓர் இந்திய அரசனுக்கு மகன் பிறக்கிறான். இவன் உலகத்தைத் துறப்பான் என்று சோதிடர் சொல்கிறார். துயரமே கண்ணில் படாதபடி மாளிகைக்குள் வைத்து வளர்க்கிறான் அரசன். ஒருநாள் வெளியே போகும் இளவரசன் நோயாளியையும் கிழவரையும் காண்கிறான். மரணத்தைப் பற்றி அறிகிறான். மனம் கலங்குகிறான். பிலவ்ஹர் என்ற துறவி, விலைமதிப்பில்லாத மாணிக்கம் கொண்டுவந்த வியாபாரி போல வேடமிட்டு உள்ளே போய் அவனுக்கு ஞானம் சொல்கிறார்.

யாரென்று தெரிந்திருக்கும். வெசாக் தோரணங்களில் வருஷா வருஷம் நாம் பார்க்கும் சித்தார்த்தரின் கதைதான். போதிசத்துவர் என்ற சொல் பாரசீகம் வழியாக 'பூதாஸஃப்' ஆகிவிட்டது. அரபுக் கதையில் அந்தத் துறவி எங்கிருந்து கப்பலேறினார் தெரியுமா? சரந்தீபிலிருந்து. அதாவது நம் இலங்கையிலிருந்து.

இனி எழுத்து விளையாட்டு. குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இது விளங்கும். சொல்லின் தொடக்கத்தில் 'பே'யும் 'யே'யும் ஒரே வடிவம். கீழே ஒரு புள்ளி என்றால் 'பே', இரண்டு என்றால் 'யே'. எவரோ ஒரு எழுத்தர் ஒரு புள்ளியைக் கூட்டிவிட்டார். பூதாஸஃப் 'யூதாஸஃப்' ஆனார். அங்கிருந்து ஜோர்ஜிய மொழிக்குப் போகும்போது அவர் கிறிஸ்தவராகிவிட்டார். பெயர் 'யோதாசஃப்'. அத்தோஸ் மலையில் இருந்த எவுத்திமியுஸ் என்ற ஜோர்ஜியத் துறவி, இவர் காலமானது 1028இல், அதைக் கிரேக்கத்தில் ஆக்கியதாக இன்று கருதப்படுகிறது. பிறகு லத்தீன், பிறகு ஐரோப்பிய மொழிகள் எல்லாமே. பெயர் 'யோசபாத்' என்று நின்றது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில், நவம்பர் 27க்கு, பர்லாம், யோசபாத் என்ற பெயர்கள் சேர்ந்தன.

அந்தக் கதைக்குள் ஒரு குட்டிக் கதை வருகிறது. மிருகம் துரத்த ஓடியவன் ஒரு பள்ளத்தில் விழுந்து கொப்பைப் பிடித்துத் தொங்குகிறான். வெள்ளெலியும் கறுப்பெலியும், அதாவது பகலும் இரவும், அந்தக் கொப்பை அரிக்கின்றன. கீழே பாம்பு. அவனோ மேலிருந்து சொட்டும் தேனை நக்கிக்கொண்டிருக்கிறான். மகாபாரதத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொல்லும் கதை இதன் இன்னொரு வடிவம். கலீலா வ திம்னாவின் முன்னுரையிலும் உண்டு. இத்தாலியின் பார்மா நகரத்து ஞானஸ்நான மண்டபத்தின் வாசல் மேலே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பள்ளிவாசல் பயானிலாவது நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் கேட்டிருக்கிறேன்.

மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் நம் நாட்டைப் பற்றி எழுதும்போது, பாவாத மலையைச் சொல்லி, அது ஆதமுடையது என்று முஸ்லிம்களும் சாக்கியமுனியுடையது என்று மற்றவர்களும் சொல்வதை எழுதிவிட்டு, புத்தரின் கதையையும் சொல்கிறார். இவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் பெரிய புனிதராகியிருப்பார் என்ற கருத்தில் ஒரு வரி வேறு. அப்போதே ஐரோப்பாவில் அவர் புனிதராகிவிட்டார் என்பது பாவம் அவருக்குத் தெரியாது!

போர்த்துக்கீச வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ, இலங்கையைப் பற்றி எழுதுகிற இடத்தில், புத்தர் கதையும் யோசபாத் கதையும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் தலைகீழாகப் புரிந்துகொண்டார். யோசபாத்தைத்தான் இவர்கள் புத்தர் என்று வணங்குகிறார்கள் என்பது அவர் எண்ணம். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1859, 1860இல்தான் ஐரோப்பிய அறிஞர்கள் திசையைச் சரியாகச் சொன்னார்கள்.

இன்னும் ஒன்று. 1560இல் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்த போர்த்துக்கீசர் புத்தருடைய பல் என்று ஒன்றைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பேகு அரசன் பெருந்தொகை தர முன்வந்தும் கொடுக்காமல் இடித்து எரித்தார்கள். (உண்மையான தந்ததாது ஒருபோதும் அவர்கள் கையில் அகப்படவில்லை, கண்டியில் இருக்கிறது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை.) சுமார் பத்து வருஷம் கழித்து, 1571இல், வெனிஸ் நகரத் தலைவர் அதே போர்த்துக்கல் நாட்டு அரசருக்கு ஒரு புனித எலும்பை அன்பளிப்பாகக் கொடுத்தார். அரசர் பக்தியோடு வாங்கிக்கொண்டார். யாருடைய எலும்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள்? புனித யோசபாத்துடையது.

இதை வாசித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சிரிப்பா கவலையா என்று சொல்லத் தெரியவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகான நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். அரபெழுத்துள்ள புத்தகங்களை வீட்டில் எங்கே வைப்பதென்று தெரியாமல் நாங்கள் பட்ட பாடு. தேடுதலுக்கு வந்தவர்களுக்கு வாசிக்கத் தெரியாது, நமக்கு விளங்கப்படுத்தவும் பயம். என் அலுமாரியில் இருந்த கலீலா வ திம்னாவைக்கூட அரிசிப் பைக்குக் கீழே வைத்தேன். நரிகள் பேசுகிற கதைப் புத்தகம் அது!

ஆனால் அதைவிட எனக்கு மறக்காதது வேறு. எங்கள் மாடியில் எதிர்வீட்டு அன்ரி கத்தோலிக்கர். அவருடைய தங்கச்சி குடும்பம் கோட்டாஞ்சேனை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவது அவருக்குத் தவறாது. அன்று அந்தக் கோயிலிலும், நீர்கொழும்பிலும், மட்டக்களப்பிலும், ஹோட்டல்களிலும் 250க்கும் அதிகமானவர்களைக் கொன்றவர்கள் என் கலிமாவைச் சொல்லிக்கொண்டு செய்தார்கள். அன்று பின்னேரம் அன்ரியின் கதவைத் தட்ட மூன்று தரம் போய் மூன்று தரமும் திரும்பி வந்தேன். நாலாம் நாள் அவர்தான் எங்கள் கதவைத் தட்டினார். ஊரடங்கில் பிள்ளைகளுக்குப் பால்மா இருக்கிறதா என்று கேட்டார்.

கொச்சிக்கடைக் கோயில் எப்படித் தொடங்கியது என்பதையும் அவர்தான் சொன்னார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் ஒளிந்திருந்தாராம். பிலவ்ஹரும் வியாபாரி வேடம், இவரும் வியாபாரி வேடம். நாளைக்கு யாராவது இதற்கும் ஒரு படம் செய்து சிவப்பெழுத்தில் 'களவு' என்று போடலாம். ஆனால் வேதம் சொல்லத் தடை உள்ள ஊருக்குள் நுழைய வேண்டியவன் வேறு என்ன வேடத்தில்தான் போவான்? நம் முன்னோர் இந்தத் தீவுக்கு வந்ததும் வியாபாரிகளாகத்தானே.

மாணவனுக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நத்தார் வாழ்த்துச் சொல்லலாமா சேர்?" என்று கேட்டான். அதை மௌலவியிடம் கேள் மகன், நான் வரலாறு படிப்பிக்கிறவன் என்று சொல்லிவிட்டேன். போர்வர்டை மட்டும் அழித்துவிட்டதாகச் சொன்னான்.

நேற்று அன்ரியிடம் யோசபாத் கதையைச் சொன்னேன். அப்படியொரு புனிதரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் கேட்கப் போகிறாராம். கேக் அடித்துக்கொண்டிருந்தார், இரண்டு தட்டில். பிராந்தி ஊற்றாத தட்டு எங்களுக்கு.