காழ்

காழ் (பெயர்ச்சொல்): வயிரம், மரத்தின் கடினமான பகுதி, விதை, கொட்டை, மணிவடம்.

முற்றி இறுகுதல் என்பதே இச்சொல்லின் வேர்ப்பொருள். ‘காழ்த்தல்’ என்றால் வயிரம் பாய்தல். மனத்தில் பகை இறுகிப்போனால் அது ‘காழ்ப்பு’. ‘காழ்ப்புணர்ச்சி’ என்று இன்றும் சொல்கிறோம். அதற்குள் ஒரு மரம் நிற்பதை மறந்துவிட்டோம்.

தொல்காப்பிய மரபியல் இச்சொல்லை வைத்தே தாவரங்களைப் பிரிக்கிறது. வெளியே காழ் உடையது புல்; உள்ளே காழ் உடையது மரம். அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல். புளியும் வேம்பும் மரம்.

மதுரை ஒத்தக்கடையில், யானைமலைக்கு அருகே, 1965-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. பயிர்ப் பெருக்கமும் மரபியலும் முதுநிலையில் படிக்க வருபவர்கள் ஒருவித்திலை, இருவித்திலை என்ற பாகுபாட்டை முன்பே அறிந்திருப்பார்கள். அந்தப் பாடத்துக்குப் பக்கத்தில் ‘காழ்’ என்ற சொல்லையும் எழுதிக்கொள்ளலாம். ஒருவித்திலையான பனையில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறி, விளிம்பில் நெருங்கி இறுகுகின்றன. நடுவில் மென்மையான சோறு. இருவித்திலையான வேம்பில் ஆண்டுதோறும் புதுக்கட்டை வெளிப்புறம் சேர, பழையது உள்ளே வயிரமாகிறது.

இரண்டு பாகுபாடுகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஒன்று வித்திலையை எண்ணியது. மற்றொன்று கோடரி பட்ட இடத்தைப் பார்த்தது. ஆனாலும் வெட்டுவாயைக் கூர்ந்து கண்ட அந்தக் கண் அறிவியலின் கண்தான். அதைத் தாங்கி நிற்கும் இச்சொல் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும்.