சூடு இறங்கும் இடம்

வானொலிப் பெருக்கி உறிஞ்சும் மின்சாரம் முழுவதும் அலையாகி வெளியேறுவதில்லை; பெரும்பங்கு சூடாக உள்ளேயே நின்றுவிடும். வால்வுகளின், அதாவது வெற்றிடக் குழாய்களின், காலத்தில் அந்தச் சூட்டை இறக்கியது தண்ணீர். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பொறியாளர் ஹவுஸ்கீப்பர் செம்பையும் கண்ணாடியையும் காற்றுப் புகாமல் இணைக்க வழி கண்டபின், வால்வின் நேர்மின்வாயையே செம்புக் குவளையாக்கி வெளிப்புறம் வைக்க முடிந்தது. அதைச் சுற்றி நீர் பாய்ந்தது. நேர்மின்வாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் நின்றதால், காய்ச்சி வடித்த நீரும் மின்சாரம் கடத்தாத நீளக் குழாய்களும் தேவைப்பட்டன. 1934-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 500 கிலோவாட்டில் ஒலிபரப்பத் தொடங்கியபோது, நீரைத் தெளித்து ஆற்றுவதற்குக் கட்டடத்தின் முன் ஒரு குளமே இருந்தது.

டிரான்சிஸ்டர் வந்ததும் குளம் போயிற்று, கவலை போகவில்லை. வால்வு தகதகவென்று சிவந்தும் உழைக்கும். தொடக்கக் கால டிரான்சிஸ்டர்களின் ஜெர்மானியம் 100 டிகிரியை நெருங்கினாலே கெட்டுவிடும். 1950-களின் நடுவில் கார் ரேடியோக்களுக்கு வந்த சாய்சதுர உலோக உறை டிரான்சிஸ்டர், சூட்டை வாங்கிக் காற்றில் பரப்பும் அலுமினிய ஹீட் சிங்கில் இரண்டு திருகுகளால் இறுக்கப்பட்டது. உறையிலேயே மின்சாரம் நின்றதால் இடையில் மெல்லிய மைகாத் தகடு. எவ்வளவு தேய்த்தாலும் இரு உலோகப் பரப்புகள் சில மேடுகளில்தான் தொடும், மிச்சமெல்லாம் காற்று. அந்தக் காற்றை விரட்டத்தான் வெள்ளைப் பசை. வெப்பம் கடத்துவதில் அது காற்றைவிடப் பன்மடங்கு மேல், அலுமினியத்தைவிடப் பன்மடங்கு கீழ். அள்ளி அப்பினால் பசையே தடுப்பாகிவிடும் என்பது பலருக்கும் பழுதுக்குப் பிறகே புரிந்தது.

உயர் அதிர்வெண்ணில் மைகாவும் உதவவில்லை. உறைக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே அது மின்தேக்கிபோல் நின்று அலையைக் கசியவிட்டது. அதனால் மின்காப்பு உறைக்குள்ளேயே போயிற்று. மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை உலோகம்போல் கடத்தும் பெரிலியம் ஆக்சைடு பீங்கான் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பழுதான உறையை உடைத்துப் பார்ப்பது ஆபத்து.

அடுத்த கட்டம், முழுப் பெருக்கியையும் ஒரே பீங்கான் பலகையில் அடக்கிய மாட்யூல். மிட்சுபிஷியின் 30 வாட் வகையில் செயல்திறன் 40 சதவீதம் என்றால், 45 வாட் சூடு உள்ளங்கையளவு அடித்தகட்டின் வழியே இறங்கியாக வேண்டும். ஹீட் சிங்க் பரப்பின் மேடுபள்ளம் 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்கிறது தயாரிப்பாளர் குறிப்பு. ஒரு துகள் சிக்கினாலும் திருகு இறுகும்போது பலகை வளைந்து விரிசல் விடும். அப்போது தப்பினாலும் பின்னர் சூட்டில் விரியும்போது விடும். எம்3 திருகுக்கு 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் இறுக்கமே போதும். திருகிய பிறகுதான் மாட்யூலின் மின்இணைப்புக் கால்களைச் சால்டர் செய்ய வேண்டும். முதலில் சால்டர் செய்தால், இறுக்கும் விசை கால்களை இழுக்கும்.