மாளிகையை விழுங்கிய சுவடிகள்

1850-களில் இங்கிலாந்தின் மிடில் ஹில் மாளிகைக்குப் போனவர்கள் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு அறையைப் புத்தகங்களுக்கு விட்டுவிட்டுப் பூட்டியிருந்தார்கள். கூடம், நடை, படுக்கையறை எங்கும் பெட்டிமேல் பெட்டி. சவப்பெட்டியைப் போல நீளமான அந்த மரப்பெட்டிகளின் முன்பலகை கீலில் மடங்கித் திறக்கும். தீப்பிடித்தால் பலகையைச் சாத்திவிட்டுப் பெட்டியோடு தூக்கி வெளியேறலாம் என்பது ஏற்பாடு.

மாளிகைக்காரர் சர் தாமஸ் பிலிப்ஸ். 1792-இல் பிறந்தவர்; துணி உற்பத்தியில் பொருள் சேர்த்த ஒருவரின் ஒரே மகன். ஆறு வயதிலேயே நூற்றுப்பத்துப் புத்தகங்கள் வைத்திருந்தார். 1818-இல் தந்தை இறந்ததும் எஸ்டேட் வருமானம் கைக்கு வந்தது, கூடவே கடனும் வளர்ந்தது. கடன்காரர்களிடமிருந்து தப்பி, சிக்கனமாக வாழ ஐரோப்பாவுக்குக் குடும்பத்தோடு போனவர், அங்கேதான் மூட்டை மூட்டையாகச் சுவடிகளை வாங்கினார்.

அவர் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து மடாலயங்கள் கலைக்கப்பட்டு, நூற்றாண்டுகள் பழைய தோல் சுவடிகள் கழிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. தங்கத் தகடு அடிப்பவர்களும் பசை காய்ச்சுபவர்களும் அவற்றை வாங்கி அழித்துக்கொண்டிருந்தார்கள். கேட்ட விலையைக் கொடுத்து விலையை ஏற்றிவிட்டால், தோலை அழிக்க எவருக்கும் மனம் வராது என்று பிலிப்ஸ் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். அவர் கைக்கு வராமலிருந்தால் இன்று இல்லாமலே போயிருக்கக்கூடிய சுவடிகள் ஏராளம்.

ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. முதல் மனைவி ஹென்றியெட்டா 1832-இல் இறந்தார். மூன்று மகள்களும் தந்தைக்காகச் சுவடிகளைப் படியெடுப்பதிலும் பட்டியல் போடுவதிலும் வளர்ந்தார்கள். தாயின் பெயரையே கொண்ட மூத்த மகள் ஹென்றியெட்டா 1842-இல் ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் ஹாலிவெல்லைத் தந்தையின் சம்மதமில்லாமல் மணந்தபோது, பிலிப்ஸ் அவளைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. இரண்டாம் மனைவி எலிசபெத், ஒரு பக்கம் புத்தகமும் மறுபக்கம் எலியும் தன்னை வீட்டைவிட்டே துரத்துவதாகப் புலம்பினார். புத்தகம் விற்றவர்களும் தப்பவில்லை. பாக்கிக்காகக் காத்துக் காத்து நொடித்துப்போனவர்கள் உண்டு.

ஆனால் சுவடிகளை மட்டும் பிலிப்ஸ் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். நூல்களைத் துளைக்கும் வண்டுக்கு அவர் கண்ட வழி கவனிக்கத்தக்கது. பீச் மரத் துண்டில் பசை தடவி நூலகத்தில் வைப்பார். வண்டு புத்தகத்தை விட்டு அதில் முட்டையிடும். பிறகு மரத்துண்டைக் கொளுத்திவிடுவார்.

பிலிப்ஸுக்குப் பிறகு மிடில் ஹில் சட்டப்படி மகள் ஹென்றியெட்டாவுக்குத்தான் போய்ச்சேரும். அது பொறுக்காமல் பிலிப்ஸ் தோட்டத்து மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1863, 64-இல் சுமார் 25 கி.மீ. தள்ளியிருந்த செல்ட்டன்ஹாமின் தர்ல்ஸ்டேன் மாளிகைக்குச் சேகரிப்பை மாற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள், 230 குதிரைகள், 160 ஆட்கள். பாரம் தாங்காமல் வழியிலேயே சில வண்டிகள் முறிந்தன. காலியான பழைய மாளிகையில் மாடுகள் திரிந்தன. புதிய மாளிகை எவ்வளவு பெரிதென்றால், அதன் காட்சிக்கூடங்களில் அவர் குதிரையேறியே போவாராம்.

பிலிப்ஸ் 1872-இல் இறந்தபோது ஏறக்குறைய 60,000 சுவடிகளும் பல்லாயிரம் அச்சு நூல்களும் அங்கே இருந்தன. ஹாலிவெல்லோ ஹென்றியெட்டாவோ கத்தோலிக்கர் எவருமோ உள்ளே கால் வைக்கக்கூடாது, சேகரிப்பை யாரும் இடம் மாற்றி அடுக்கக்கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். மாளிகையைப் பராமரிக்கவோ காசில்லை. பேரன் நீதிமன்றத்தில் அனுமதி பெற்று 1886-இல் முதல் ஏலத்தைத் தொடங்கினார். 1946-இல் புத்தக வியாபாரிகளான ராபின்சன் சகோதரர்கள் மிச்சத்தை 1,00,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகும் விற்பனை பல பத்தாண்டுகள் நீண்டது. வாங்கிய நூலகங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரந்து கிடக்கின்றன. அவற்றின் பட்டியல்களில் இப்போதும் சுவடியின் பழைய அடையாளமாக அவர் கொடுத்த பிலிப்ஸ் எண் பதிவாகிறது.