தரையில் ஓடிய பித்தளை எஞ்சின்

1763-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கருவிப் பட்டறைக்கு ஒரு சின்ன எஞ்சின் பழுதுபார்க்க வந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவி எஞ்சினின் மாதிரி அது. ஏற்கெனவே ஒருமுறை லண்டனில் பேர்பெற்ற கருவித் தொழிலாளி சிஸனிடம் அனுப்பிப் பார்த்திருந்தார்கள், சரிவரவில்லை. இப்போது அதைக் கையில் எடுத்தவர் ஜேம்ஸ் வாட். அவர் ஓட்டிப் பார்த்தபோது சில அடி அடித்துவிட்டு நின்றது. பாய்லர் தந்த நீராவி அதற்குப் போதவே இல்லை. சிலிண்டரை நிரப்பவேண்டிய நீராவி, அதன் குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிக்கொண்டிருந்தது. பெரிய எஞ்சினிலும் இது நடக்கும். சின்னதில் இன்னும் மோசம், ஏனென்றால் உருவம் சிறுக்கும்போது உள்ளே அடங்கும் நீராவி குறைகிற அளவுக்குச் சுவரின் பரப்பு குறைவதில்லை. அந்தக் குறையைப் போட்டு உருட்டி யோசித்துத்தான், நீராவியைக் குளிரவைக்கத் தனிக்கலம் வேண்டும் என்ற முடிவுக்கு 1765-ல் வாட் வந்துசேர்ந்தார்.

பழைய நீராவி பொம்மை ரயில் எஞ்சின்களின் கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். கருவி செய்கிறவர்களின் மேசையில் பிறந்த பொம்மை அது. வாட்டைத் திணறவைத்த அதே தண்ணீர், நூறு ஆண்டு கழித்து விக்டோரியா காலத்து வீட்டுக் கூடங்களில் தரையெல்லாம் கோடு போட்டுக்கொண்டு போனது.

நடுவில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். வாட்டின் நிறுவனத்துக்காக கார்ன்வால் சுரங்கங்களில் எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டிருந்த வில்லியம் மர்டாக், 1784-ல் ரெட்ரத் ஊரில் மூன்று சக்கரம் வைத்த ஒரு சின்ன நீராவி வண்டியைச் செய்து ஓடவிட்டார். அடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே பாய்லர், தானாக ஓடும். இரவில் தெருவில் அதை ஓட்டிப் பார்த்தபோது ஊர்ப் பாதிரியார் பேய் வருகிறதென்று பயந்து அலறினார் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை. அந்த வண்டி இப்போது பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் அதைப் பொம்மையாக நினைக்கவில்லை. பெரிய வண்டிக்கு முன்னோட்டமாகத்தான் செய்தார். ஆனாலும் ஸ்பிரிட் விளக்கு, சின்ன பாய்லர், தரையில் ஓட்டம் என்று பின்னால் வந்த பொம்மையின் முக்கால்வாசி அதில் வந்துவிட்டது. இன்னொன்றையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள்: அசையும் சிலிண்டர்.

இந்தச் சிலிண்டரைப் புரிந்துகொண்டால் பொம்மை முழுக்கப் புரிந்துவிடும். பெரிய ரயில் எஞ்சினில் சிலிண்டர் அசையாது. நீராவியை உள்ளே விடவும் வெளியே விடவும் தனி வால்வு, அதை இழுத்துத் தள்ளக் கம்பிகள், நெம்புகோல்கள் என்று ஒரு கூட்டமே வேலை செய்யும். பொம்மையில் அதெல்லாம் கிடையாது. சிலிண்டர் ஓர் ஆணியில் தொங்கி, சக்கரம் சுற்றச்சுற்ற முன்னும் பின்னும் ஆடும். சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு துளை. அது உரசிக்கொண்டு நிற்கும் தட்டையான பித்தளை முகத்தில் இரண்டு துளைகள். ஒரு பக்கம் சாயும்போது பாய்லரிலிருந்து வரும் துளையோடு பொருந்தும், நீராவி உள்ளே போகும். மறுபக்கம் சாயும்போது மற்றத் துளையோடு பொருந்தும், நீராவி வெளியே போகும். இரண்டு முகத்தையும் ஒட்டிவைத்திருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். வால்வு முழுவதும் அவ்வளவுதான். இத்தனை குறைந்த உறுப்புகளில் ஒரு முழு எஞ்சினை அடக்கியவர்களின் கைத்திறனை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதே இல்லை. நம் திருவிழாக் கடைகளில் தண்ணீர்த் தொட்டியில் டபடபவென்று வட்டமடிக்கும் தகரப் படகும் இந்த வம்சத்தில் வந்ததுதான். 1891-ல் தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பிஸ்டன்கூட இல்லை, குழாயில் இருக்கும் தண்ணீரே பிஸ்டன் வேலையைச் செய்துவிடுகிறது.

1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 1838-ல் லண்டனும் பர்மிங்ஹாமும் ரயிலால் இணைந்தன. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்து முழுக்க ரயில் பைத்தியம் பிடித்தது. வீட்டிலேயே ஓடுகிற எஞ்சின் வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள் போய் நின்ற இடம் கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடி, தொலைநோக்கி, காற்றழுத்தமானி, பூமி உருண்டை விற்கும் கடைகளில்தான் பாடம் நடத்துவதற்கான எஞ்சின் மாதிரிகளும் கிடைத்தன. லண்டன் ஃப்ளீட் தெருவின் நியூட்டன் அண்ட் கோ இப்படிப்பட்ட கடை. ஆல்ட்கேட் பக்கம் ஸ்டீவன்ஸ் மாடல் டாக்யார்ட் 1843-ல் தொடங்கியது. பேரில் கப்பல் இருந்தாலும் ரயில் எஞ்சினும் விற்றது. கிளாஸ்கோவில் கிளைடு மாடல் டாக்யார்ட், பாரிஸில் அறிவியல் கருவிகள் செய்த ரதிகே. தொலைநோக்கிக்குப் பித்தளைக் குழாயை இழைத்துப் பழகிய கைக்கு பாய்லர் ஒன்றும் புது வேலையில்லை.

அப்படிப் பிறந்த எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பளபளக்கும் பித்தளைக் குழாயைப் படுக்கவைத்து நாலு சக்கரம் பொருத்தியதுபோல இருக்கும். மேலே உயரமான புகைபோக்கி, ஒரு சேஃப்டி வால்வு, சில சமயம் விசில். தண்டவாளம் கிடையாது. பலவற்றில் முன் அச்சைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம், அப்போது எஞ்சின் வட்டமாக ஓடும், சுவரில் போய் முட்டாது. பாய்லரில் முக்கால் அளவு வெந்நீர் ஊற்றி, சிலிண்டர் முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கைச் செருகினால் சில நிமிடத்தில் கொதி சத்தம் கேட்கும். கையால் ஒரு தள்ளு தள்ளவேண்டும். முதலில் வருவது நீராவி அல்ல, எண்ணெய் கலந்த வெந்நீர்: சிலிண்டர் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது. இரண்டு மூன்று தள்ளலில் பித்தளை சூடேறி, எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடும். ஓடும்போதும் சொட்டு நிற்காது. கம்பளத்தில் கறை, மரத்தரையில் ஈரக் கோடு. பர்மிங்ஹாம் பித்தளை வேலைக்குப் பேர்போன ஊர். அந்த ஊரையும் சொட்டுகிற குணத்தையும் சேர்த்து, ‘பர்மிங்ஹாம் டிரிப்ளர்’ என்று பேர் நிலைத்துவிட்டது.

இந்தப் பொம்மை பரவியதற்கு எல்லோரும் ரயில் மோகத்தைச் சொல்வார்கள். நான் 1855-ல் வந்த ஒரு வரிச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்வேன். அதுவரை ஸ்பிரிட் என்றால் குடிக்கும் சாராயத்துக்கு உள்ள அதே வரி. அந்த ஆண்டு, மர நாப்தா கலந்து குடிக்க முடியாதபடி ஆக்கிய ஸ்பிரிட்டுக்குத் தீர்வை நீக்கப்பட்டது. தொழிற்சாலைகளை மனதில் வைத்து வந்த சட்டம்தான். ஆனால் விளக்கில் ஊற்ற ஸ்பிரிட் மலிவாகக் கிடைக்காமல் இந்த எஞ்சின்கள் வசதியான வீடுகளைத் தாண்டிப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவற்றைத் தேடிச் சேர்ப்பவருக்கு முதலில் வரும் தலைவலி, பேர் இல்லாமை. பெரும்பாலான டிரிப்ளர்களில் செய்தவர் பேரே இருக்காது. பேர் பொறித்திருந்தாலும் அது விற்ற கடையின் பேராக இருக்கலாம். ஒரு பட்டறை வார்த்த சக்கரம் பல கடைகளின் எஞ்சினில் இருக்கும். போதாததற்கு வார்ப்பு உறுப்புகளைத் தனியாகவும் விற்றார்கள். வீட்டிலேயே அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்திக்கொண்டவர்கள் ஏராளம். ஆகவே “இது ஸ்டீவன்ஸ்” என்று யாராவது அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்கவேண்டும். பழைய விலைப்பட்டியலில் உள்ள படத்தோடு சக்கரத்தின் ஆரக்கால், புகைபோக்கியின் வாய், கைப்பிடிக் கம்பி தாங்கும் குமிழ் இவையெல்லாம் ஒத்துப்போனால் நம்பலாம். ஒரே ஒரு உறுப்பு ஒத்துப்போவது போதாது.

திருகாணிகளைப் பார்க்காமல் விடக்கூடாது. பி.ஏ. எனப்படும் பிரிட்டிஷ் மரை அளவு 1880-களில்தான் வகுக்கப்பட்டது. 1850-ம் ஆண்டுச் சரக்கு என்று விற்கும் எஞ்சினில் எல்லா ஆணியும் பி.ஏ. என்றால் ஒன்று வயது பொய், இல்லாவிட்டால் யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். கூட்டல் குறி வெட்டிய தலை இருந்தால் அந்த ஆணி 1930-களுக்கு முன் வந்திருக்க முடியாது.

ஜெர்மன் எஞ்சின்களில் இந்த வேலை சுலபம். நியூரம்பெர்க் தகரத் தொழிலாளிகளின் ஊர். எர்ன்ஸ்ட் பிளாங்க், ஷோனர், கரெட், பிங் சகோதரர்கள் என்று அங்கே வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆரம்பத்தில் அவர்களும் தரையில் ஓடும் பித்தளை எஞ்சின்தான் செய்தார்கள். பெரிய சக்கரத்தின்மேல் மெலிந்த பாய்லர் நிற்கும் ஒரு வகையைச் சேகரிப்பாளர்கள் நாரைக்கால் என்கிறார்கள். பிறகு தகரத்தில் அச்சிட்டு, வண்ணம் பூசி, மலிவாக ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். 1887-ல் பிரிட்டன் ஒரு வணிகக் குறிச் சட்டம் போட்டது: வெளிநாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சரக்குபோல வேஷம் போடக்கூடாது. ‘மேட் இன் ஜெர்மனி’ முத்திரை அதன்பின் சகஜமாயிற்று. ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்ற எழுத்துகள் இருந்தால் 1891-க்கு முன்னால் போகாது, அந்தப் பதிவுச் சட்டமே அந்த ஆண்டுதான் வந்தது. பிங் எஞ்சினில் ‘ஜி.பி.என்.’ என்றிருந்தால் முதல் உலகப் போர்க் காலம் வரையிலான சரக்கு, ‘பி.டபிள்யூ.’ என்றால் அதற்குப் பிந்தையது.

தரையை விட்டுத் தண்டவாளத்துக்கு ஏறியதுதான் டிரிப்ளருக்கு முடிவு கட்டியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் யூஜின் பெக்ஸ் 1870-களிலேயே வட்டத் தண்டவாளத்தோடு நீராவி ரயில் விற்றார். 1891-ல் மார்க்லின் நிறுவனம் லைப்சிக் சந்தையில் அளவு வகுத்த தண்டவாளத்தைக் கொண்டுவந்தபோது உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. அப்போது ஒன்றாம் எண் கொடுத்த 45 மில்லிமீட்டர் அகலத்தில் இன்றைக்கும் தோட்டங்களில் நீராவி எஞ்சின் ஓட்டுகிறார்கள்.

பாய்லர் செய்யும் குடும்பத்தில் பிறந்த நார்தாம்ப்டன்காரர் பாசெட்-லோக், 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஜெர்மன் வேலையைப் பார்த்தார். வேலை சுத்தமாக இருந்தது, ஆனால் எந்த எஞ்சினும் இங்கிலாந்து எஞ்சின்போல இல்லை. அவருக்காக ஹென்றி கிரீன்லி என்பவர் அசல் எஞ்சினை வைத்து வரைபடம் போட, பிங்கும் கரெட்டும் நியூரம்பெர்கில் செய்துகொடுத்தார்கள். பிங் செய்த ‘பிளாக் பிரின்ஸ்’, லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சினைப் பார்த்துச் செய்தது. அதனால் பாசெட்-லோக் என்று வாங்கும் எஞ்சினைத் திருப்பிப் பார்த்தால் ஜெர்மன் கைவேலை தெரிவது போலிக்கு அடையாளம் அல்ல, அது அப்படித்தான் இருக்கவேண்டும். 1914-ல் போர் வந்து இந்தக் கூட்டை முறித்தது. பிரெஞ்சுக்காரரான கரெட் ஜெர்மனியை விட்டுப் போனார், 1917-ல் அவர் தொழிற்சாலை மூடியது. பிங் 1932 வரை தாக்குப்பிடித்தது.

கைக்கு வரும் பழைய எஞ்சினை உடனே கொதிக்கவைத்துப் பார்க்க ஆசை வரும். கூடாது. பல பாய்லர்களின் மூட்டு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றுதான், அது ஏறக்குறைய 183 டிகிரியில் இளகும். தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. வற்றிய மறு நிமிடம் ஏறிவிடும். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வழிந்து உறைந்த பற்றைப் பார்த்தால் அந்த எஞ்சினை ஒருமுறை வறட்டுச் சூட்டில் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஓட்டியே ஆகவேண்டும் என்றால் முதலில் பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நெருப்பே இல்லாமல் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவேண்டும், சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கை மாற்றவேண்டும். விளக்கின் பழைய திரி கல்நாராக இருக்கக்கூடும், அதைப் பிய்க்காமல் வைப்பதே நல்லது. பித்தளையை உலோகம் தெரியும்வரை தேய்ப்பவர்கள்மேல் எனக்கு ஆற்றாமை உண்டு. சிலிண்டருக்குக் கீழே படிந்த எண்ணெய்க் கறுப்பும், சக்கர ஓரத்தில் ஒருபக்கமாகத் தேய்ந்த விளிம்பும் போய்விட்டால், அந்த எஞ்சின் எவ்வளவு ஓடியது, இடம் சுற்றியதா வலம் சுற்றியதா என்று சொல்ல அதில் வேறெதுவும் மிஞ்சாது.